சந்தனம் வைத்த டிஸ்க்

என் மகளுக்குக் கிடைத்த முதல் வேலையை நான் ஒரு விரல்நுனிச் சந்தனத்தால் கெடுக்கப் பார்த்தேன். பழியை வேறு யார் மேலாவது போடலாமா என்றும் பார்த்தேன். என் மனைவி விடவில்லை.

மலேசியாவில் ஈய விலை விழுந்த பிறகு நடந்தது இது. காம்பாரைச் சுற்றிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம் முடித்த பிள்ளைகள் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றார்கள். நான் காம்பாருக்கு உள்ளே ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாத்தியார். ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டுவிட்டார்கள். அதுவரை பால் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி கத்தியைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆளான எங்கள் மகள் ஈப்போவில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தாள். அதை வைத்துக்கொண்டு யார் வேலை கொடுக்கப்போகிறார்கள் என்று நான் வெளியே சொல்லாமல் உள்ளே புலம்பிக்கொண்டிருந்தபோது ஈப்போவிலேயே ஒரு நிறுவனம் கொடுத்தது.

பழைய ரப்பர்த் தோட்டங்களை வாங்கி வீட்டுமனையாக்கும் நிறுவனம் அது. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடுக்கவேண்டும். அதற்கு எந்தக் கதவில் எந்தக் குடும்பம், எத்தனை பேர் என்று பட்டியல் வேண்டும். தோட்டத்துக் கணக்கர்களான கிராணிமார் எழுதிவைத்த நோட்டுகளைப் பார்த்து என் மகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் வேலையை நிரந்தரமாக்குவார்கள். மூன்று மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பட்டியல் அச்சாகி மேனேஜர் மேசையில் இருக்கவேண்டும். இருந்தால் அன்றே கடிதம். மேனேஜர் ஒரு சீனர், சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பதினொரு மணி பத்து நிமிடத்துக்கும் அவர் மாறமாட்டார் அல்லவா?

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் ஒருமுறைதான் பார்த்தேன், அதுவும் கதவுக்கு வெளியே நின்று. அதற்குத் தானாக எதுவும் ஞாபகம் இருக்காதாம். தினமும் காலையில் ஒரு மெல்லிய கறுப்பு டிஸ்க்கை அதன் வாயில் கொடுத்தால்தான் விழிக்குமாம். அந்த டிஸ்க்கில் இருப்பதற்குப் பெயர் ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

"பெரிய வாத்தியார் வந்து மணி அடிச்சாதானப்பா வகுப்பு ஆரம்பிக்கும்?" என்றாள் மகள். "அதுமாதிரி இது. இது வந்தாத்தான் மத்த புரோகிராமெல்லாம் உக்காரும்."

அந்தப் பெரிய வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் விற்ற கம்பெனி கடிதம் எழுதியிருந்தது. ஆங்கிலக் கடிதம். சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று பார்க்க மகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் மூன்று தடவை படித்தேன். இரண்டாவது பதிப்புக்கு ஆண்டு முடிவோடு ஆதரவு நிற்கிறது என்று இருந்தது. அப்படியானால் ஆண்டுப் பிறப்பன்று கம்ப்யூட்டர் நின்றுபோகும் என்று நான் விளக்கம் சொன்னேன். பத்து நாள் கழித்து இன்னொரு கடிதம். ஏற்கனவே வைத்திருப்பவர்கள் கவலைப்படவேண்டாம், ஆதரவு தொடரும் என்றது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது கடிதம். ஆதரவு தொடர்வதற்காக எல்லாரும் மூன்றாவது பதிப்புக்கு மாறவேண்டும், பழைய டிஸ்க்குகள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும், நகல் எதுவும் வைத்திருக்கக்கூடாது.

என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப பழசு ஓடுமா ஓடாதா?"

"ஓடும். ஆதரவு இருக்காது."

"அப்படின்னா?"

"கெட்டுப்போனா யாரும் வந்து பாக்கமாட்டாங்க."

"நம்ம லயத்துப் பைப் மாதிரின்னு சொல்லுங்க. அதுக்கு என்னிக்கு ஆதரவு இருந்துச்சு? ஓடிக்கிட்டுதான இருக்கு?"

அந்தச் சமயத்தில்தான் பள்ளியிலும் புதுப் பாடத்திட்டம் வந்து, பழைய புத்தகங்களை ஒப்படைக்கச் சொல்லி, புதிய புத்தகங்கள் பாதிதான் வந்து சேர்ந்திருந்தன. அதனால் எனக்கு இதில் ஓர் அனுபவஸ்தனின் திமிர் இருந்தது. "பழசை முழுசா விட்டுடாதம்மா. ஒரு பிரதி வச்சுக்க" என்று மகளிடம் சொன்னேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான்.

புதன்கிழமை சர்வீஸ்காரர் வந்தார். புது டிஸ்க்கைப் போட்டார், கம்ப்யூட்டர் விழித்தது, பழைய டிஸ்க்குகளை எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அவர் வருவதற்கு முன்பே என் மகள் பழைய டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். வைத்திருக்கக்கூடாத பொருள் என்பதால் அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே சொருகினாள். நான் பார்த்துவிட்டேன்.

"என்னம்மா அது?"

"நீங்க சொன்னதுதான். பழசுல ஒரு காப்பி. தொடாதீங்கப்பா. என் வேலைக்கே அதுதான் முக்கியம்."

மறுநாள் வியாழக்கிழமை. ஆயுத பூஜை.

எங்கள் வீட்டில் அதை ஒழுங்காகச் செய்வோம். பள்ளி விட்டு வந்ததும் குளித்துவிட்டு ஆரம்பித்தேன். சைக்கிள், மனைவியின் தையல் இயந்திரம், பரணில் கிடந்த பால் வெட்டும் கத்தி, அரிவாள், என் சிவப்பு மை பேனா, பள்ளி மணியின் சுத்தியல். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது மனசு கேட்கவில்லை. எனக்குத் தொழில் இருக்கிறது, மனைவிக்குத் தொழில் இருக்கிறது. பிள்ளையின் தொழிலுக்கு ஒன்றும் இல்லையே? நாளைக்கு அவளுக்குப் பரீட்சை போன்ற நாள். தொடாதீர்கள் என்று அவள் சொன்னது காதில் விழாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக, அதுதான் முக்கியம் என்று சொன்னதும் விழுந்திருந்தது. முக்கியமான பொருளைப் பூஜைக்கு வைக்காமல் வேறு எதை வைப்பது?

காகித உறையோடு வைத்தால் சாமிக்கு என்னவென்று தெரியாது என்று உருவி எடுத்தேன். கறுப்புச் சதுரம். நடுவில் ஒரு வட்டத் துளை. அதற்குக் கீழே நீள்வட்டமாக ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஏதோ தெரிந்தது. பொட்டு வைப்பதற்கென்றே விட்ட நெற்றி மாதிரி இருந்தது. நல்ல குழைவான சந்தனமாகப் பார்த்து வைத்தேன். அதன் மேல் குங்குமம். மற்றவற்றுக்கு முன்னால், நடுநாயகமாகச் சாய்த்து வைத்து, ஒரு செம்பருத்தியும் வைத்தேன்.

ஆறு மணி வாக்கில் மகள் பஸ் இறங்கி வந்தாள். முகத்தில் களைப்பு இருந்தாலும் தெம்பு இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்தாள்.

"நல்லவேளைப்பா, நீங்க சொன்னதைக் கேட்டேன். புதுசு அந்த கம்ப்யூட்டருக்குப் பெருசா இருக்கு. அதுவே மெமரிய எல்லாம் அடைச்சுக்கிட்டு உக்காந்துக்குது, பட்டியல் புரோகிராம் உள்ளயே போகமாட்டேங்குது. போன் பண்ணுனா மூணு வாரம் ஆகும்கிறாங்க. நாளைக்குப் பழச கொண்டுபோய்ப் போட்டு..."

பூஜைக்கு அடுக்கியிருந்ததைப் பார்த்தாள்.

கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். "ஜன்னல்லயா வச்சீங்க?" என்று கேட்டாள். ஏதோ நான் மேலே வைத்திருந்தால் மன்னித்திருப்பாள் என்பது போல.

"ஏன்மா, வைக்கக்கூடாதா?"

"அந்த இடத்துல விரல்கூடப் படக்கூடாதுப்பா. அதுலதான் எல்லாம் எழுதியிருக்கு."

அவள் டிஸ்க்கை எடுக்கக் கை நீட்டினாள். இந்த இடத்தில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "பூஜையில வச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்" என்றேன். வாய்ப் பழக்கம்.

என் மனைவி சமையற்கட்டிலிருந்து வந்தாள். டிஸ்க்கைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், என்னை மட்டும் பார்க்கவில்லை. "நீ எடும்மா. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லவேளை, பிள்ளைய அலமாரிக்குள்ள வச்சிருக்கல. அதுக்கும் நெத்தியில அப்பியிருப்பீங்க" என்றாள்.

"நீதான் உறையோட வைக்காதீங்கன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நான் எப்பங்க சொன்னேன்?"

சொல்லவில்லைதான்.

தோட்ட முச்சந்தியில் மளிகைக் கடை வைத்திருந்த பாயிடம் போன் இருந்தது. கம்பெனியின் கோலாலம்பூர் சர்வீஸ் ஆபீசில் ஏழு மணி வரை ஆள் இருப்பார்கள் என்று கடிதத்தில் போட்டிருந்தது. மகள் வேண்டாம் என்றாள். வைத்திருக்கக்கூடாத டிஸ்க்கைப் பற்றி வைத்திருக்கக்கூடாது என்று சொன்னவர்களிடமே எப்படிக் கேட்பது? நான் அதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டேன். சந்தனம் வைத்த சைக்கிள். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள், என்னைத் தடுக்கவா உதவவா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடையில் பாயும், சீனி வாங்க வந்த இரண்டு பேரும் இருந்தார்கள். "வாத்தியாரே, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார் பாய். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. எண்ணைச் சுழற்றினேன். மறுமுனையில் ஓர் ஆண் குரல், ஆங்கிலத்தில்.

எந்த நிறுவனம் என்று கேட்டது. "ஒரு நிறுவனம்" என்றேன்.

எந்தப் பதிப்பு? "இரண்டு."

இரண்டுக்கு ஆதரவு இல்லை, மூன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மாறியதால்தான் இரண்டு தேவைப்படுகிறது என்றேன்.

மூன்றில் என்ன சிக்கல்?

மெமரி போதவில்லை.

அப்படியானால் மெமரி கூட்டவேண்டும், சிங்கப்பூரிலிருந்து சாமான் வரவேண்டும், மூன்று வாரம்.

எங்களுக்கு நாளை காலை பதினொரு மணிக்கு வேண்டும்.

அதற்கு இரண்டாவது பதிப்பே போதுமே, என்றது குரல்.

"அதுக்குத்தான் ஆதரவு இல்லைங்கிறீங்களே!" என்று தமிழில் கத்திவிட்டேன். ரிசீவரைப் பொத்தாமல் மகள் பக்கம் திரும்பி, "சந்தனத்துக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?" என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பாய்தான் சொன்னார், "சாண்டல்வுட் பேஸ்ட் லா, வாத்தியாரே."

மறுமுனையில் அந்தக் குரல் தணிந்து, தமிழில் வந்தது.

"அண்ணே. டிஸ்க்குக்குச் சந்தனம் வச்சுட்டீங்களா?"

"ஆமா தம்பி."

"ஜன்னல்லயா?"

"ஆமா."

"குங்குமமும்?"

"ஆமா."

"பூவு?"

"மேல இல்ல, பக்கத்துல."

அங்கே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. அவனேதான். "எங்க வீட்லயும் இன்னிக்கு பூஜைதான் அண்ணே. எங்கம்மா என் டூல்பாக்ஸ் மேல எலுமிச்சம்பழம் வச்சிருக்காங்க. இருங்க, கதவச் சாத்திட்டு வாரேன்." வந்தான். "கம்பெனி பேரச் சொல்லாதீங்க. சொன்னா நான் புத்தகத்துல எழுதணும். எழுதுனா தொல்லை, சூசா லா. இப்ப நான் சொல்றது ஆதரவு இல்ல, சும்மா பேச்சு. சரியா? பக்கத்துல பாப்பா இருந்தா அவங்ககிட்ட குடுங்க. உங்ககிட்ட வேணாம்."

கொடுத்தேன். மகள் பாயின் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டாள். கறுப்பு உறையின் ஓரத்தைக் கீறி உள்ளே இருக்கும் வட்டத் தகட்டை எடுக்கவேண்டும். ஜன்னலுக்கு நேராக இருக்கும் பகுதியில் மட்டும்தான் சந்தனம் இருக்கும், தகட்டைச் சுற்றவே கூடாது. சுத்தமான தண்ணீரில் காட்டவேண்டும், தேய்க்கக்கூடாது, சோப்பு கூடாது. தானாகக் காயவேண்டும். பிறகு வேறொரு டிஸ்க்கின் உறைக்குள் போடவேண்டும். கம்ப்யூட்டர் ஒரே ஒருமுறை படித்தாலும் போதும், அந்த ஒருமுறையில் காப்பி எடுத்துவிடவேண்டும். "படிக்கலைன்னா?" என்று அவள் கேட்டாள். அவன் என்ன சொன்னான் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை.

வகுப்பில் பழகிய டிஸ்க் ஒன்று அவளிடம் இருந்தது. உறைக்கு அதைத் தியாகம் செய்தாள். ஆனால் பிளேடை எடுத்துக் கீறுவதற்குக் கை வரவில்லை. என்னிடம் நீட்டவேயில்லை. அவள் அம்மாதான் வாங்கிக்கொண்டாள்.

"எவ்வளவு ஆழம் போகலாம்?"

"மேல் உறை மட்டும்தாம்மா. உள்ள இருக்கிறது மேல படவே கூடாது."

"பட்டைய மட்டும் சீவணும், மரத்துல காயம் படக்கூடாது. அவ்வளவுதான? அதை விடியக்காலை இருட்டுல, தலையில விளக்க வச்சுக்கிட்டு இருபது வருசம் செஞ்சேன்."

விளக்கு வெளிச்சத்தில் முழங்காலில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு அமர்ந்தாள். பிளேடு ஒரே இழுப்பில் ஓரமாகப் போனது. உறை வாய் திறந்தது. உள்ளே இருந்த தகட்டைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பட்டியலைக் கிளப்பிவிடும் சாமான் என்றால் கொஞ்சமாவது கனமாக இருக்கவேண்டாமா? மெல்லிய துணுக்கு. மூச்சு விட்டால் பறக்கும்.

குழாய்த் தண்ணீரில் துரு வரும் என்பதால் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். ஓரத்தைப் பிடித்துச் சாய்த்து மெல்ல ஊற்றினார்கள். சந்தனம் சீக்கிரம் போய்விட்டது. குங்குமம் போகவில்லை, சிவப்பாக ஒரு நிழல் நின்றது. மூன்றாவது தடவைதான் கரைந்தது. என் புது வேட்டியை விரித்து அதன் மேல் காயவைத்தார்கள். நான் பூஜையை முடிக்கலாமே என்று சாம்பிராணியை எடுத்தேன். இரண்டு பேரும் ஒரே குரலில் "அப்பா!" என்றார்கள். மனைவியும்தான். புகை ஆகாதாம். அந்த வருடம் எங்கள் வீட்டுச் சாமிக்குச் சூடமும் இல்லை, சாம்பிராணியும் இல்லை.

காலையில் உறை மாற்றி, இரண்டு நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவே வைத்து மகள் புறப்பட்டாள். நான் பெரிய வாத்தியாரிடம் அவசர விடுப்புச் சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன். அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் நான்கு வரிசை பின்னால், தெரியாதவன் மாதிரி. அவள் திரும்பிப் பார்த்து, "பக்கத்துலயே வந்து உக்காருங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

அலுவலகத்துக்கு எதிரே கோப்பிக் கடை. அங்கேயே உட்கார்ந்துகொள்ளவேண்டும், மேலே வரக்கூடாது, சீட்டு எழுதி அனுப்பக்கூடாது, வழியில் போகிறவர்களிடம் விசாரிக்கக்கூடாது. அவள் போட்ட நிபந்தனைகள். மூன்று கோப்பி குடித்தேன். நான்காவதைக் குடிக்காமல் வைத்திருந்தேன். மேல்மாடி ஜன்னலில் ஒரு பச்சைத் திரை தவிர ஒன்றும் தெரியவில்லை. படிக்கவில்லை என்றால் அவள் எங்கே போவாள், இந்த ஊரில் இன்னும் எத்தனை ஆபீசில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று எண்ணினேன். எனக்குத் தெரிந்து மூன்று. அதில் ஒன்று பாங்க். பத்தேமுக்காலுக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கடைக்காரர் என் சார்பில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு அவள் படியிறங்கி வந்தாள். எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன என் கோப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"என்னம்மா?"

"முதல் தடவை படிக்கலை."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டாவது தடவையும் படிக்கலை. மூணாவது தடவை கரகரன்னு ஒரு சத்தம் போட்டுட்டு எந்திரிச்சிருச்சு. உடனே ரெண்டு காப்பி எடுத்துட்டேன். பதினொன்னுக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில பட்டியல மேசையில வச்சேன்."

"அப்புறம்?"

"பாஸ் அதைப் புரட்டிப் பாத்துட்டு, மெமரி இல்லைன்னு நேத்து சொன்ன, இன்னிக்கு எப்படி ஓடுச்சுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். காப்பி வச்சிருந்தேன்னு."

"சந்தனம்?"

"அதையும்தான்."

"ஐயோ, அதை ஏம்மா சொன்ன?"

"டிஸ்க்க மோந்து பாத்தாருப்பா. வாசம் வந்துச்சு."

அவள் அவசரப்படாமல் டம்ளரைக் கவிழ்த்து அடியில் இருந்த கடைசிச் சீனியைப் பார்த்தாள். பழிவாங்குகிறாள் என்று புரிந்தது. உரிமை இருந்தது.

"அப்புறம் ஒரு காப்பிய வாங்கி அவரு டிராயர்லயே வச்சுப் பூட்டிக்கிட்டாரு. சர்வீஸ்காரன் கேட்டா தெரியாதுன்னு சொல்லுன்னாரு. கடிதத்துல கையெழுத்துப் போட்டாரு." அவள் முகம் அப்போதுதான் உடைந்து சிரித்தது. "உன்னை கன்ஃபர்ம் பண்ணிட்டேன், உங்க அப்பாவைப் பண்ணலைன்னாரு."

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்னைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அழுதேன் என்று மகள் வீட்டில் சொன்னாள், நம்பவேண்டாம்.

"சரிப்பா, நான் போறேன். வேலை நேரம்" என்று எழுந்தாள். சாலையைக் கடந்து, திரும்பிப் பார்க்காமல் படியேறிவிட்டாள்.

காம்பார் பஸ் பாதி வழியில் கோப்பெங் ஊரைத் தாண்டும்போதுதான் கடிதத்தை நான் கண்ணால் பார்க்கவேயில்லை என்று உறைத்தது. எந்தத் தேதியிலிருந்து நிரந்தரம் என்று போட்டிருக்கிறார்கள்? பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா? கையெழுத்துக்குக் கீழே முத்திரை இருக்கிறதா? இறங்கித் திரும்பிப் போகலாம் என்று எழுந்து மணிக்கயிற்றைப் பிடித்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார். படித்துப் பார்த்திருப்பாள், அவளுக்குத் தெரியும் என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டு, கயிற்றை இழுக்காமலே விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.